டிராக் சைக்கிளுக்கு முன் பிரேக்: செட்டிநாட்டுச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு

செட்டிநாட்டு நிலம் சைக்கிளுக்கு ரொம்ப வாகானது. குன்றக்குடி மலையையும் திருமயம் கோட்டைப் பாறையையும் விட்டால் சொல்லும்படியான ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கானாடுகாத்தான் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். இந்தத் தட்டையான நிலம்தான் ஃபிக்ஸட் கியர் சைக்கிள், அதாவது பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றுகிற டிராக் சைக்கிள், வாங்குகிற பிள்ளைகளை ஏமாற்றுகிறது. "இறக்கமே கிடையாதே அண்ணே, காலாலேயே நிறுத்திக்கலாம், பிரேக் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நானும் முதல் நாலு மாதம் அப்படி நினைத்துத்தான் ஓட்டினேன்.

ஒரு காலை நேரம் பள்ளத்தூர்ப் பக்கமிருந்து காரைக்குடிக்கு வந்துகொண்டிருந்தேன். கண்மாய்க் கரையிலிருந்து ஆட்டுக் கூட்டம் ஒன்று சாலையில் ஏறியது. பெடலை எதிர்த்து அழுத்தினேன். செயின் கொஞ்சம் தொய்ந்திருந்திருக்கிறது. பல்லிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. அந்த நொடியிலிருந்து என் காலுக்கும் சக்கரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சீமைக்கருவேலம் புதருக்குள் வண்டியை விட்டுத்தான் நிறுத்த முடிந்தது. முழங்கையில் நாலு தையல். ஆடு மேய்த்த பெரியவர் என் முதுகிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே, "பிரேக்கு அந்துபோச்சாப்பா?" என்று கேட்டார். பிரேக்கே கிடையாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரமே முன் பிரேக் மாட்டினேன். அப்புறம் தெரிந்த பிள்ளைகளின் வண்டிகள் பலவற்றுக்கும் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். எங்கே தப்பு நடக்கிறது, எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கால் ஏன் போதாது

ஃபிக்ஸட் கியரில் ஃப்ரீவீல், அதாவது மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியாகச் சுற்றவிடுகிற பல்சக்கரம், கிடையாது. பின்னால் இருக்கிற பல்சக்கரம், சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்போடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். பெடலைத் தடுத்தால் சக்கரமும் தடுபடும். இந்த வண்டி பந்தயத் தடத்துக்காகப் பிறந்தது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மரத்தளத் தடம் மாதிரி, ஒரு சுற்று 250 மீட்டர், ஓரமெல்லாம் சாய்வாக இருக்கும். அங்கே எல்லோரும் ஒரே திசையில், சக்கரத்தோடு சக்கரம் உரசுகிற நெருக்கத்தில் போகிறார்கள். ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் விழுவார்கள். அதனால்தான் தடத்தில் பிரேக்குக்கு அனுமதியே இல்லை. அங்கே பிரேக் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு. நம் ஊர்ச் சாலையில் எதிரே மினி பஸ் வருகிறது, சந்திலிருந்து ஷேர் ஆட்டோ வருகிறது, தை மாதம் என்றால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலேயே கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். தடத்தின் நியாயம் இங்கே செல்லாது.

காலால் தடுப்பது பின்சக்கரத்தை மட்டும்தான் தடுக்கும். டவுன் பஸ் சட்டென்று நின்றால் உள்ளே நிற்கிற எல்லோரும் முன்னால் சரிகிறோம் இல்லையா, அதேதான் சைக்கிளிலும் நடக்கிறது. வேகம் குறையக் குறைய எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் லேசாகி, ரோட்டைப் பிடிக்கிற சக்தியை இழக்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நொடிக்கு 7 மீட்டர் ஓடும். காய்ந்த தார் ரோட்டில் முன் பிரேக்கை ஒழுங்காகப் பிடித்தால் சுமார் 5 மீட்டரில் நின்றுவிடலாம். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் அதில் இரண்டு மடங்கு, 10 மீட்டராவது வேண்டும். அதுவும் பின்சக்கரம் தரக்கூடிய முழுப் பிடியும் கிடைத்தால்தான். முன்னால் 46 பல், பின்னால் 16 பல் உள்ள வண்டியில் அந்த வேகத்துக்கு உங்கள் கால் நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிச் சுற்றுகிற காலை அதே நொடியில் எதிர்த்து அழுத்துவது புதிதாக ஓட்டுகிறவரால் ஆகிற காரியம் இல்லை.

பிரிட்டனில் 1983-ல் வந்த சைக்கிள் விதிகள் இதை நியாயமாகப் பிரித்துச் சொல்கின்றன. ஃபிக்ஸட் சக்கரத்தைப் பின் பிரேக்காக ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் முன்சக்கரத்துக்குத் தனி பிரேக் கட்டாயம். என் கருத்தும் அதுவே. ஒரே ஒரு பிரேக்தான் மாட்ட முடியும் என்றால் அது முன்னால்தான் இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வண்டியைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் பிரேக்கை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் அது தங்கள் வண்டியில் உட்காராது என்று கண்டுபிடிக்கிறார்கள். நம் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் ராடு பிரேக்கும் சாதாரணக் காலிப்பரும் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிரேக்) கிடைக்கும்; டிராக் வண்டிக்குப் பொருந்துகிற சாமான் வேண்டுமென்றால் மதுரை, திருச்சி போக வேண்டும், அல்லது தபாலில் வரவழைக்க வேண்டும். திருப்பி அனுப்பி மாற்றுவது பெரிய அலைச்சல். அதனால் ஒரு சாயங்காலத்தை அளப்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

முதலில் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற கவை. இரண்டு கால்களும் சேருகிற இடத்தில், டயருக்கு நேர் மேலே, முன்னிருந்து பின்னாக ஒரு துளை இருக்கிறதா? டார்ச் அடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் அந்தத் துளையை பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். தெருவில் ஓட்டுவதற்கென்றே விற்கிற சிங்கிள் ஸ்பீடு வண்டிகளில் துளை அநேகமாக இருக்கும். பந்தயத்துக்கே செய்த ஃபோர்க்கில் இருக்காது.

துளை இருந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். முன்பக்கம் 6 மி.மீ. போல்ட் போகிற அளவில் இருக்கும். பின்பக்கம் அதே அளவு என்றால், போல்ட் வெளியே வந்து சாதாரண நட்டால் இறுகுகிற பழைய முறை. பின்பக்கம் 8 மி.மீ. அகலமாக இருந்தால், நீளமான குழல் நட்டு ஒன்று துளைக்குள்ளேயே போய் உட்காரும்; அதை 5-ஆம் நம்பர் எல்-கீயால் இறுக்க வேண்டும். இப்போது வருகிற காலிப்பர் அநேகமாக இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

அடுத்து ரிம். நம் வீட்டுக் கேரியர் சைக்கிளில் ராடு பிரேக் ரிம்மின் உள்முகத்தை, ஹப்பைப் பார்த்திருக்கிற பக்கத்தைத் தொடும். காலிப்பர் அப்படி இல்லை, ரிம்மின் இரண்டு பக்கச் சுவர்களையும் கவ்விப் பிடிக்கும். ஆகவே அந்தச் சுவர் தட்டையாக, ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். வெள்ளியாகப் பளபளக்கிற ஒரு பட்டை சுற்றிலும் ஓடினால் பிரச்சினை இல்லை. கலர் பெயின்ட் அடித்த ஆழமான ரிம் என்றால், பிரேக் பிடிக்கும், ஆனால் பெயின்ட் உரிகிற வரை வழுக்கும், பிரேக் கட்டையில் (ரிம்மைத் தொடுகிற ரப்பர்) கருப்பு மசி ஒட்டும், மழையில் இன்னும் மோசம். சுவர் சாய்வாகவோ வளைவாகவோ இருந்தால் ரிம்மை மாற்றுகிற வரை பிரேக் பேச்சை எடுக்க வேண்டாம்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, கோட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரிம் பக்கவாட்டில் 1 மி.மீ.-க்கு மேல் ஆடினால் முதலில் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து வாருங்கள். நம் ஊர்க் கடைக்காரர்கள் கோட்டம் எடுப்பதில் கெட்டிக்காரர்கள். இதற்கு வெளியூர் போகத் தேவையில்லை.

துளையே இல்லை என்றால்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் துளை போட லேத் பட்டறையைத் தேடிப் போகிறார்கள். என் நண்பன் ஒருவன் அப்படிப் போட்டுக்கொண்டு வந்தான். துளை ஒரு மயிரிழை கோணலாகப் போயிருந்தது. காலிப்பர் நேராக உட்காரவே இல்லை. சில மாதத்தில் துளையைச் சுற்றிப் பெயின்ட்டில் மெல்லிய கீறல் தெரிந்தது. அந்த ஃபோர்க்கை அதற்கப்புறம் நாங்கள் பயன்படுத்தவில்லை. குழாயின் உள்ளே இரும்பு எவ்வளவு தடிமன், எங்கே பற்றவைத்திருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து தெரியாது. முன் பிரேக் பிடிக்கிறபோது வருகிற மொத்த விசையும் அந்த ஒரு இடத்தில்தான் விழுகிறது. அலுமினியத்திலும் கார்பனிலும் துளை போடுவதை நினைத்தே பார்க்க வேண்டாம். ஃபோர்க்கைச் சுற்றிக் கிளாம்ப் போட்டுக் காலிப்பரைத் தொங்கவிடுகிற சாமானும் கிடைக்கிறது. அழுத்திப் பிடித்தால் அது நகர்ந்துவிடும் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஃபோர்க்கை மாற்றுவதுதான் சரியான வழி. அதற்கு நாலு அளவு வேண்டும். ஃபோர்க்கின் கழுத்துக் குழாய் 28.6 மி.மீ. தடிமனா, 25.4 மி.மீ. தடிமனா? அதன் உச்சியில் மரை உண்டா, இல்லையா? குழாய் எவ்வளவு நீளம்? ஆக்சிலிலிருந்து, இரண்டு கால்களும் சேருகிற ஃபோர்க்கின் தோள் வரை உயரம் எவ்வளவு? இந்த உயரம் ரொம்ப மாறினால் வண்டி வளைகிற குணமே மாறிவிடும். ரோடு சைக்கிளுக்கான துளையுள்ள ஃபோர்க் டிராக் வண்டியில் நன்றாகவே உட்காரும். டிராக் ஃபோர்க்கைவிட அதன் முன்வளைவு பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் என்பதால், திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கிற தொல்லையும் குறையும். பழைய ஃபோர்க்கின் கழுத்துக் குழாய்க்கு அடியில் இருக்கிற குண்டு ரேஸை (பேரிங் குண்டுகள் உட்காருகிற வளையம்) கழற்றிப் புதியதில் இறக்க வேண்டும். முதல் தடவை இந்த வேலையைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

காலிப்பர் வாங்குவதற்கு ஒரே ஒரு அளவுதான் முக்கியம். முன்சக்கரத்தை மாட்டி, டயரில் முழுக்காற்று அடித்து, துளையின் மையத்திலிருந்து ரிம் சுவரின் நடுப்பகுதி வரை நேர் கீழாக அளங்கள். 39 முதல் 49 மி.மீ.-க்குள் வந்தால் குட்டைக் கை காலிப்பர். 47 முதல் 57 என்றால் நடுத்தரம். அதற்கும் மேல் என்றால் 73 மி.மீ. வரை எட்டுகிற நீளக் கை காலிப்பரும் உண்டு. டிராக் ஃபோர்க்குகள் அநேகமாக முதல் வகையில் வரும். அளவு 48 என்று வந்தால், இரண்டிலும் பொருந்துகிறதே என்று நினைக்காமல், குட்டைக் கையை வாங்குங்கள். கை குட்டையாக இருந்தால் பிடி உறுதியாக இருக்கும். இரண்டு இடத்தில் அச்சு உள்ள காலிப்பர், ஒரே அச்சில் ஆடுகிறதைவிட நன்றாகப் பிடிக்கும், நடுவில் நிறுத்துவதும் சுலபம். குழல் நட்டு எந்த நீளம் என்று கடையிலேயே கேளுங்கள். ஃபோர்க்கின் தோள் தடிமனாக இருந்தால் நீளமான நட்டு வேண்டும். போல்ட்டில் குறைந்தது 6, 7 சுற்று மரையாவது பிடித்தாக வேண்டும்.

லீவர் விஷயத்தில் நடக்கிற தப்பு ஒன்று உண்டு. மலைச் சைக்கிளில் வருகிற வி-பிரேக் லீவர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். அது கேபிளை அதிக தூரம் இழுக்கும். காலிப்பரோடு சேர்த்தால் கையில் கல் மாதிரி விறைப்பாக இருக்கும், ஆனால் பிடி குறைவாக இருக்கும். காலிப்பருக்கான குறைந்த இழுவை லீவர் என்று கேட்டு வாங்குங்கள். நேர் ஹேண்டில்பாருக்கு லீவர் மாட்டுகிற இடத்தில் 22.2 மி.மீ., வளைந்த ஹேண்டில்பாருக்குப் பொதுவாக 23.8. பந்தயத்துக்கான இரும்பு வளை ஹேண்டில்களில் சில 22.2-ஆகவே இருக்கும்; அளக்காமல் வாங்கினால் லீவர் ஆடும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நேர் ஹேண்டில்பாரையே சொல்வேன். வளைந்ததுதான் பிடிக்கும் என்றால், மேல் கம்பியில் மாட்டுகிற சின்ன லீவர் வாங்குங்கள். தெருவில் உங்கள் கை முக்கால்வாசி நேரம் அங்கேதான் இருக்கும்.

கேபிளும் மேல் உறையும் பிரேக்குக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். உறை 5 மி.மீ. தடிமன், உள்ளே கம்பி ஸ்பிரிங் மாதிரிச் சுற்றியிருக்கும். கியர் உறை பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் அதற்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் அது பிளந்துகொண்டு போய்விடும். உள் கம்பியின் நுனிக் குண்டும் இரண்டு வகை. நேர் ஹேண்டில் லீவருக்கு உருளை. வளைந்த ஹேண்டிலின் லீவருக்குப் பேரிக்காய் வடிவம். இரண்டு நுனியிலும் ஒவ்வொன்று வைத்துக்கூட விற்கிறார்கள், வேண்டாததை வெட்டிக்கொள்ளலாம்.

மாட்டுகிற வேலை

எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்துதான் நான் இந்த வேலையைச் செய்வேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் முதலில் ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் சிமெண்டில் செய்தது. கிரீஸ் பட்டால் ஊறி, கறை போகவே போகாது. எங்கள் அப்பத்தா காலத்துத் தரையில் நான் விட்ட கறை இன்னும் இருக்கிறது.

சக்கரம் ஃபோர்க்கில் நடுவாக இருக்கிறதா, ஆக்சில் நட்டுகள் இறுக்கமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் 15-ஆம் நம்பர் ஸ்பேனர் சேரும். சக்கரம் கோணலாக இருக்கிறபோது காலிப்பரை நடுவில் நிறுத்திவிட்டு, அப்புறம் சக்கரத்தைத் திருத்தினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

காலிப்பரின் போல்ட்டை முன்பக்கமிருந்து துளைக்குள் விடுங்கள். காலிப்பருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே பல் வைத்த வாஷர் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள், காலிப்பர் திரும்பாமல் பிடித்துக்கொள்வது அதுதான். பின்னாலிருந்து குழல் நட்டைக் கையால் சுற்றுங்கள். மரை இடக்கு பண்ணாமல் சுலபமாக ஏற வேண்டும். அரை இறுக்கத்தில் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயருக்கும் காலிப்பரின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 3, 4 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் சாலையில் டயரில் ஒட்டுகிற சரளை அந்த இடுக்கில் மாட்டினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். இடைவெளி போதவில்லையா, ஒரு அளவு மெல்லிய டயருக்கு மாறுங்கள்.

லீவரை வலது கைப் பக்கம் மாட்டுங்கள். நம் நாட்டு மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் முன் பிரேக் வலது கையில்தான். பதறிப்போகிற நேரத்தில் கை பழக்கத்தின்படிதான் போகும், யோசித்துப் போகாது. உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் இரண்டு விரல் லீவரில் விழ வேண்டும். அந்தச் சாய்வில் இறுக்குங்கள்.

உறையை வெட்டும் முன் ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் உறை இழுபடக் கூடாது, அதே சமயம் முன்னால் பெரிய வளையமாகத் தொங்கவும் கூடாது. கேபிள் கட்டர் இல்லாமல் சாதாரணக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் நுனி நசுங்கும். நசுங்கிய நுனியை அரத்தால் சமப்படுத்தி, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் குழலை ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிரேக் இறுக்கமாக இருக்கிறதே, திரும்பி வர மாட்டேன் என்கிறதே என்று சொல்கிறவர்கள் அதிகம். இரண்டு நுனியிலும் தொப்பி மாட்டுங்கள்.

இனிக் கேபிளை லீவரில் கோத்து, உறைக்குள் விட்டு, காலிப்பருக்குக் கொண்டு வாருங்கள். காலிப்பரில் கேபிள் நுழைகிற இடத்தில் திருகு ஒன்று இருக்கும். அதை முழுவதும் உள்ளே திருகி, அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே எடுத்து வையுங்கள். பின்னால் நுணுக்கமாகச் சரிசெய்ய இடம் வேண்டும். சக்கரத்தைக் கழற்றுவதற்காகக் காலிப்பரைத் தளர்த்துகிற சின்ன நெம்பு பக்கத்தில் இருந்தால், அது மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் காலிப்பரின் இரண்டு கைகளையும் ரிம்மோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியை இழுத்து, போல்ட்டை இறுக்குங்கள். கையை விட்டால் கட்டை தானாகக் கொஞ்சம் விலகும்.

அப்புறம் லீவரை முழுப் பலத்தோடு இருபது, முப்பது தடவை அழுத்துங்கள். கம்பி நீளும், தொப்பிகள் உள்ளே போய் உட்காரும், கட்டை முன்னைவிடத் தள்ளி நிற்கும். மறுபடி போல்ட்டைத் தளர்த்தி, கம்பியை இழுத்து இறுக்குங்கள். வீட்டிலேயே இதைச் செய்யவில்லை என்றால் முதல் நாள் ரோட்டில், அதுவும் அவசரமான இடத்தில், லீவர் ஹேண்டிலைத் தொட்டுவிடும். மிச்சக் கம்பியில் ஒரு நாலு விரல் நீளம் விட்டு வெட்டி, நுனியில் மூடி போட்டு நசுக்குங்கள்.

கட்டை

பிரேக் நன்றாக இருப்பதும் மோசமாக இருப்பதும் முக்கால்வாசி இந்தக் கட்டையின் கையில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

கட்டை முழுவதும் ரிம் சுவரின்மேல் விழ வேண்டும். மேலே போய் டயரைத் தொட்டால் ஒரே வாரத்தில் டயரின் பக்கம் அறுந்து, டியூப் வெடிக்கும். கீழே இறங்கினால் தேயத் தேயக் கட்டையின் பாதி ரிம்முக்கு அடியில் கொக்கி மாதிரி வளரும். ரிம்மின் மேல் விளிம்பிலிருந்து 1 மி.மீ. கீழே கட்டையின் மேல் விளிம்பு வருகிற மாதிரி வையுங்கள். ரப்பரை மட்டும் கழற்றி மாற்றுகிற வகை என்றால், அதன் உறையில் ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறந்த பக்கம் வண்டியின் பின்னால் பார்க்க வேண்டும். முன்னால் பார்த்தால், பிடிக்கிற வேகத்தில் சுற்றுகிற ரிம் ரப்பரை உருவிக்கொண்டு போய்விடும். இந்த ஒன்றை இரண்டு தடவை பாருங்கள்.

கட்டையின் முன்நுனி பின்நுனியைவிட மயிரிழை முந்தி ரிம்மைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, கட்டையின் பின்நுனிக்கும் ரிம்முக்கும் நடுவே வைத்து, லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டையின் போல்ட்டை இறுக்குங்கள். அட்டையை உருவினால் சாய்வு வந்திருக்கும்.

இரண்டு பக்கக் கட்டையும் ரிம்மிலிருந்து 1, 2 மி.மீ. சமமாக விலகியிருக்கும்படி காலிப்பரைத் திருப்பி வைத்து, பின்னால் இருக்கிற குழல் நட்டை முழுவதும் இறுக்குங்கள். முறுக்கு அளவு காட்டுகிற ஸ்பேனர் இருந்தால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். கேபிள் போல்ட்டுக்கு 6 முதல் 8 போதும், கட்டைக்கு 5 முதல் 7. கடைசியாக லீவரை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் லீவருக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும்.

ரோட்டுக்குப் போகும் முன்

வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டு நடங்கள். நடக்கிற வேகத்திலேயே முன் பிரேக்கைச் சட்டென்று பிடியுங்கள். பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்க வேண்டும். காலிப்பர் அசையக் கூடாது. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் ரிம்மில் எண்ணெய் பட்டிருக்கிறது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அப்புறம் வாகனம் வராத மைதானம் ஒன்றுக்குப் போங்கள். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதைத் தொட்டதும் பிரேக் பிடித்து, எத்தனை அடியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பத்துத் தடவை காலால் மட்டும், பத்துத் தடவை கையால் மட்டும், பத்துத் தடவை இரண்டாலும். என்னிடம் வருகிற பிள்ளைகள் முதல் பத்து முடிந்ததுமே பிரேக் எதுக்கு என்ற கேள்வியை விட்டுவிடுகிறார்கள். பிடிக்கும்போது உடம்பைப் பின்னால் தள்ளி, கைகளை ஊன்றிக்கொண்டு, லீவரைப் படிப்படியாக அழுத்துங்கள். ஃபிக்ஸட் கியரில் ஒரு நல்ல அடையாளம் உண்டு: பெடல் திடீரென்று லேசானால் பின்சக்கரம் தரையை விடப் போகிறது என்று அர்த்தம். அப்போது லீவரைக் கொஞ்சம் விடுங்கள்.

முன் பிரேக்கை நம்பக் கூடாத இடமும் உண்டு. திருப்பத்தில் செம்மண் அடித்துக் கிடக்கும். அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல்லையும் வைக்கோலையும் காயப் போட்டிருப்பார்கள். சாய்ந்துகொண்டு திரும்புகிறபோது அதன்மேல் முன் பிரேக் பிடித்தால் வண்டி காலடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். திருப்பத்துக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கிறபோதே வேகத்தைக் குறைத்துவிட்டு, மண்மேல் போகிறபோது காலால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஃபிக்ஸட் கியர் ஓட்டுவதன் சுகமே இந்த இடத்தில்தான் தெரியும். சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்பது பாதத்துக்கே கேட்கும்.

காலும் ஒரு பிரேக் என்பதால் அதன் பாகங்களையும் பார்க்க வேண்டும். செயினை நடுவில் அழுத்தினால் 1 செ.மீ. அளவுக்கு ஆட வேண்டும், அதற்கு மேல் தொய்யக் கூடாது. பின் பல்சக்கரத்துக்கு வெளியே ஒரு வளையம் எதிர் மரையில் இறுகியிருக்கும். அது தளர்ந்தால், நீங்கள் எதிர்த்து மிதிக்கிற விசையே பல்சக்கரத்தைக் கழற்றிவிடும். பெடலில் பாதத்தைப் பிடிக்கிற பட்டையும் வேண்டும். பட்டை இல்லாமல் எதிர்த்து மிதித்தால் கால் நழுவும், பெடல் கெண்டைக்காலில் அடிக்கும்.

பின் பிரேக் வேண்டுமா?

பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பல் மாட்டுகிற ஹப் என்றால், ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறு பக்கம் ஃப்ரீவீல் போட்டுக்கொள்ளலாம். புதிதாக ஓட்டுகிறவர்கள் முதல் சில மாதம் ஃப்ரீவீல் பக்கம் ஓட்டுவது நல்லது. அந்தப் பக்கம் ஓட்டுகிற வரை பின் பிரேக் கட்டாயம் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. சீட்டுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற குறுக்குக் கம்பியில் துளை இருக்கிறதா என்று பார்த்து, அதே முறையில் மாட்டுங்கள். டிராக் சட்டத்தில் பின் ஆக்சில் பின்னோக்கித் திறந்த நீளப் பிளவில் உட்காரும். செயினை இறுக்குவதற்காகச் சக்கரத்தை நகர்த்துகிறபோதெல்லாம் கட்டை ரிம்மில் விழுகிற இடமும் மாறும். செயினைத் தொட்டால் பின் கட்டையையும் பார்த்தாக வேண்டும்.

பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குழுமம்தான் 1949-ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கி, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களை நாடு முழுவதும் கொண்டுபோனது. நம் பக்கத்து வயதான மெக்கானிக்குகள் அந்த வண்டிகளில் கை பழகியவர்கள். டிராக் வண்டியைப் பார்த்ததில்லை என்றாலும் கேபிளும் கட்டையும் அவர்களுக்கு அத்துப்படி. சந்தேகம் என்றால் கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

முதல் வாரம் ஓட்டி முடித்ததும் கேபிள் போல்ட்டையும் குழல் நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். மாதம் ஒரு தடவை கட்டையைக் கழற்றி, அதில் புதைந்திருக்கிற செம்மண் துகளை ஊசியால் எடுங்கள். எடுக்காமல் விட்டால் அது அரம் மாதிரி ரிம்மைத் தின்றுவிடும். கட்டையில் வெட்டியிருக்கிற கோடுகள் மறைந்தால் புதுக் கட்டை வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ரிம்மை உலர்த்தவே முதல் ஒன்றிரண்டு சுற்று போய்விடும், அதற்கு அப்புறம்தான் கட்டை பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் லீவரைக் கொஞ்சம் முன்கூட்டியே தொட்டு வையுங்கள்.